அரை நொடியில் ஒத்தவாக்கியம்

எங்கள் சீமையில் ஒரு உபதேசியாரின் ஆஸ்தியைக் கணக்கெடுக்க அரைப் பக்கம் தாராளம். வெள்ளை வேட்டி சட்டை, ஒரு சைக்கிள், ஒரு குடை, பைபிள், ஜெபப்புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம். திருநெல்வேலித் தேரிக்காட்டு ஓரத்தில் ஊழியம் செய்த அப்பாவின் பட்டியலும் இதைத் தாண்டியதில்லை. வேத ஆராய்ச்சி என்று ஒன்று உண்டு, அதற்கென்று தனிப் புத்தகங்கள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அவை சேகரத்து ஐயரின் பங்களாவில், கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் இருந்தன. (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. ஐயரின் சேகரத்துக்குள் ஒரு ஊர்ச் சபையைப் பார்ப்பவர் உபதேசியார்.) மத்தேயு ஹென்றியின் வியாக்கியானம் ஆறு வால்யூம். பக்கத்தில் ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்தில். எல்லாம் ஆங்கிலம். பீரோச் சாவி ஐயரம்மாவின் இடுப்பில்.

அப்பா கேட்டால் ஐயர் இல்லையென்று சொல்லமாட்டார். "உபதேசியாரே, சனிக்கிழம எடுத்தா திங்கக்கிழம வந்துரணும், அட்ட மடங்கக்கூடாது" என்பார். "சரிங்கய்யா" என்று வாங்கிவந்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, தமிழ் பைபிளை ஒரு பக்கமும் ஆங்கில வால்யூமை மறு பக்கமும் விரித்துவைத்து உட்காருவார். அவருடைய ஆங்கிலம் எட்டாம் வகுப்பு ஆங்கிலம். இரவு முழுக்க மண்ணெண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். காலையில் பிரசங்கம் எப்போதும்போல அவருடைய சொந்தச் சரக்காகவே இருக்கும்.

சொந்தச் சரக்கு என்றால் ஞாபகம். ஒரு வசனம் எந்த அதிகாரம் என்று கேட்டால் அப்பா யோசிப்பார். எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் யோசிக்கமாட்டார். "ஏல, அது எரேமியாவில, வலப்பக்கம், மேல இருந்து ரெண்டாவது பத்தி, காப்பிக் கறைக்குக் கீழ" என்பார். இருக்கும். ஆனால் அந்த ஒரு பைபிளில் மட்டும். வேறு பதிப்பைக் கையில் கொடுத்தால் தடுமாறிப்போவார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அப்பாவின் பிரசங்கங்களில் கெட்ட குமாரன் வருஷத்துக்கு மூன்று தடவையாவது வீடு திரும்பினான். நல்ல சமாரியன் எரிகோ சாலையில் ஓயாமல் நடமாடினான். நாகூமும் ஆபகூக்கும் ஒருமுறைகூட எங்கள் கோயில் வாசலை மிதித்ததில்லை. காரணம் எளிது. அவர்கள் இருந்த பக்கங்களில் காப்பிக் கறை கிடையாது.

ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் போடுவதற்கு மனுஷர் பட்ட பாடு சாதாரணமானதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஹ்யூகோ என்ற தொமினிக்கன் துறவி லத்தீன் வேதாகமத்துக்கு முதல் ஒத்தவாக்கிய அகராதியைச் செய்தார். ஐந்நூறு துறவிகள் கூட இருந்து உழைத்ததாகச் சொல்வது மரபு. லண்டன் புத்தக வியாபாரி அலெக்சாண்டர் குரூடனுக்கு அத்தனை துறவிகள் கிடைக்கவில்லை. தனியாளாக உட்கார்ந்து ஆங்கில பைபிளுக்கு அந்த வேலையைச் செய்தார். 1737இல் அச்சானதும் ஒரு பிரதியை ராணி கரோலினிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சன்மானம் வருமென்று காத்திருந்தவருக்குச் சில வாரங்களில் ராணியின் மரணச் செய்திதான் வந்தது. குரூடன் தன் வாழ்நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மனநோய் விடுதியில் அடைபட்டவர். பட்டியல் போட்டதால் அப்படி ஆனாரா, அப்படியிருந்ததால்தான் பட்டியல் போட முடிந்ததா என்று அவரது சரித்திரத்தை எழுதியவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

அடுத்த பெரிய பெயர் எங்கள் ஐயர் பீரோவிலிருந்த ஸ்ட்ராங். நூறு பேருக்கு மேல் துணைக்கு வைத்துக்கொண்டு 1890இல் வெளியிட்டார். எபிரெயச் சொற்களுக்கு 8674 வரை எண்கள், கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரை. எபிரெய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவனும் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலச் சொல்லிடம் போய்விடலாம். இதைச் செய்தபோது கணினியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆனாலும் கணினிக்காகவே செய்துவைத்ததுபோல அமைந்துவிட்டது. 1957இல் ஜான் எல்லிசன் என்ற அமெரிக்க குருவானவர் யூனிவாக் இயந்திரத்தை வைத்து ஓர் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அகராதி அடித்தார். அதற்குப் பின் துறவிகளுக்கு வேலை போயிற்று.

மேசைக் கணினியில் வேதாகம மென்பொருள் வியாபாரம் 1980களிலேயே தொடங்கியது, சூடு பிடித்தது 1990களின் தொடக்கத்தில். லோகோஸ் வந்தது, 1992இல் பைபிள்வொர்க்ஸ் வந்தது. 2000இல் இ-ஸ்வோர்டு இலவசமாகவே வந்தது. எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்தது இவற்றில் எதுவென்று சொல்லமாட்டேன், வந்த விதத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு வாலிபர் முகாமில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு சிடி கைமாறியது. மேலே மார்க்கர் பேனாவால் 'பைபிள் ஃபுல்' என்று எழுதியிருந்தது. திறவுகோல் எண் ஒரு துண்டுச் சீட்டில். 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற எட்டாம் கட்டளை எங்கே இருக்கிறது என்று அரை நொடியில் காட்டும் கருவி எங்கள் சபைக்குள் எட்டாம் கட்டளையை மீறித்தான் நுழைந்தது. அதற்காக யாரும் பாவ அறிக்கை செய்ததாக நினைவில்லை. கர்த்தருடைய வேலைக்குத்தானே என்றார்கள்.

அந்தச் சிடியில் தமிழ் இல்லை. தமிழ் தேடியவர்களுக்கு வேறு பாடு. ஆதியாகமம் பதினோராம் அதிகாரத்தில் பாபேலில் நடந்ததைத் தமிழ் எழுத்துருக்காரர்கள் மறுபடியும் நடத்திக்காட்டிய காலம் அது. டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு பாஷை. ஒருவர் ஆசையாய்த் தட்டச்சு செய்து அனுப்பிய சங்கீதம் இன்னொருவர் திரையில் கேள்விக்குறியும் ஆங்கிலக் கிறுக்கலுமாக விரியும். தேடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழ் வேதாகமம் கணினிக்குள் ஒரே முகத்தோடு உட்கார்ந்தது. 2008இல் யூவெர்ஷன் செயலி வந்தது. அடுத்த சில வருஷங்களில் ஐயர் பீரோ முழுதும், இன்னும் பத்துப் பீரோவும், எல்லார் சட்டைப்பையிலும் ஏறிவிட்டன. சாவி யாரிடமும் இல்லை.

சரி, தேடுவோம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் வாசிக்கும் பழைய திருப்புதல் 1871இல் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் நடந்த வேலை. அதன் தமிழுக்கு வேற்றுமை உருபுகள் என்றால் உயிர். 'பாவம்' என்று அடித்துத் தேடினால் 'பாவம்' என்று முழுசாக நிற்கும் இடங்கள் மட்டும் அகப்படும். பாவத்தின், பாவத்தை, பாவங்கள் எல்லாம் வலையிலிருந்து நழுவிவிடும். பாவத்தில் பெரும்பங்கு இப்படித் தப்பித்துக்கொள்வதைப் பார்த்து எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆறுதல்தான். சரியென்று 'பாவ' என்று சொல்லைக் குறுக்கி அடித்தால் பாவிகள் எல்லாரும் வருகிறார்கள், கூடவே ஒரு பாவமும் அறியாத 'சுபாவம்' என்ற சொல்லும் கைதாகி வந்து நிற்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் சேர்த்துத் தேடும் வசதியை எப்போதோ செய்துவிட்டார்கள். நான் பார்த்த தமிழ்ச் செயலிகளில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதோடு சரி.

ஆனால் இதையெல்லாம் குறையென்று எங்கள் சபையில் யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் யாரும் தமிழில் தேடவில்லை. அவர்கள் நேரே மூலபாஷைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது எங்கள் ஊரில் இருக்கும் உபதேசியார் இளைஞர், நல்ல பிள்ளை, அப்பாவைவிடப் படித்தவர். கையில் டேப்லெட். என்னைப் பார்த்தால் "அண்ணாச்சி, மூலபாஷையில பாத்தா இந்த வசனத்துக்கு அர்த்தமே வேற" என்று ஆரம்பிப்பார். எப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ராங் எண்கள் கட்டப்பட்டிருப்பது 1611இல் வந்த ஜேம்ஸ் ராஜா ஆங்கில வேதாகமத்தோடு. ஆகவே தமிழ் வசனத்தை எடுத்து, அதற்கு நேரான ஆங்கில வசனத்துக்குப் போய், அங்கே சொல்லைத் தொட்டு, எண்ணைப் பிடித்து, எபிரெயத்துக்கு இறங்கவேண்டும். எங்கள் பக்கத்து நாசரேத் ஊரிலிருந்து எருசலேமுக்கு லண்டன் வழியாக டிக்கெட் எடுப்பது போன்ற ஏற்பாடு. போய்ச் சேர்ந்தபின் அங்கே ஒரு சொல்லுக்கு ஏழெட்டுப் பொருள் வரிசையாக இருக்கும். அந்த இடத்தில் எந்தப் பொருள் பொருந்தும் என்பதை எண் சொல்லாது. அதற்கு இலக்கணம் தெரிய வேண்டும், முன்பின் வாசிக்க வேண்டும். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? பிரசங்கத்துக்குத் தோதாக இருப்பதைத் தொட்டுக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு எபிரெயம் தெரியாது, அது அவருக்கும் தெரிந்திருந்தது. பீரோ பூட்டியிருந்ததால் கிடைத்த நன்மைகளில் இதுவும் ஒன்று என்று ஐயரம்மாவின் கணக்கில் எழுதலாம்.

இன்னொரு வேடிக்கை. இலவச மென்பொருளில் வியாக்கியானங்கள் குவிந்து கிடக்கின்றனவே, அவை எப்படி இலவசமாயின? பதிப்புரிமைக் காலம் முடிந்துபோனதால். அதாவது எழுதியவர்கள் செத்து வெகுகாலம் ஆகிவிட்டதால். பளபளக்கும் திரையில் உபதேசியார் தள்ளித் தள்ளி வாசிப்பது அதே மத்தேயு ஹென்றியைத்தான். அவர் 1714இல் அப்போஸ்தலர் நடபடிகள் வரை எழுதி முடித்து இறந்துபோனார், மிச்சத்தை வேறு போதகர்கள் எழுதி நிரப்பினார்கள். அதே 1714இல்தான் தரங்கம்பாடியில் சீகன்பால்கு நாலு சுவிசேஷங்களையும் நடபடிகளையும் முதன்முதலாகத் தமிழில் அச்சிட்டார். தமிழ் பைபிள் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வியாக்கியானத்தை இன்று தொடுதிரையில் வாசித்து, "புது வெளிப்பாடு" என்கிறோம். சாக்கடல் அருகே கும்ரான் குகை ஒன்றில் பழைய சுருள்கள் கிடைத்தது 1947இல். ஏசாயா புத்தகம் முழுசாக, அதுவரை கையிலிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது, அந்தக் குகையிலிருந்து வந்தது. ஹென்றிக்கும் ஸ்ட்ராங்குக்கும் அது தெரிய வழியில்லை. புது ஆராய்ச்சி வேண்டுமென்றால் காசு. அமெரிக்க நிறுவனங்களின் பெரிய தொகுப்புகளுக்கு டாலரில் நூறுகளும் ஆயிரங்களும் கேட்பார்கள். உபதேசியார் சம்பளத்தை டாலரில் மாற்றிப் பார்க்கும் பாவத்தை நான் செய்யமாட்டேன்.

காசு கொடுத்தாலும் நிலையா? பைபிள்வொர்க்ஸ் நல்ல மென்பொருள், மூலபாஷை படித்தவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2018 ஜூனில் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். வாங்கியவர்களின் கணினியில் அது ஓடும், கணினி ஓடும்வரை. அப்பாவின் பைபிள் என்னிடம் இருக்கிறது. பூச்சி கொஞ்சம் தின்றிருக்கிறது. தின்றது நாளாகமத்தின் வம்ச அட்டவணையை, அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை.

கோயிலுக்குள் நடந்த மாற்றம் தனி. முன்பு ஐயர் வசனத்தைச் சொல்லிவிட்டுச் சபையார் பக்கத்தைப் புரட்டி முடிக்கும்வரை நிற்பார். அந்தச் சந்தில்தான் அடுத்து என்ன சொல்வது என்று யோசிப்பார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது வசனம் திரையில் தானாக விழுகிறது. யோசிக்கச் சந்து இல்லாததால் "அல்லேலூயா சொல்லுங்க" என்று இடையிடையே கேட்டுக்கொள்கிறார்கள். வசனங்களின் எண்ணிக்கையும் ஏறிவிட்டது. அப்பா மூன்று வசனத்தில் ஒரு மணி நேரம் பேசுவார். டேப்லெட்டில் தேடி ஒட்டிய பிரசங்கத்தில் முப்பது வசனம் ஓடுகிறது, ஒவ்வொன்றும் ஒரு வினாடி தலைகாட்டிவிட்டுப் போகிறது. ஒரே சொல் வருகிறது என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு உறவு இல்லை.

ஓய்வுநாள் பள்ளியில் வசனம் எடுக்கும் போட்டி நடக்கும். பைபிளை மூடிவைத்து, "ஒபதியா நாலு" என்றதும் பாய்ந்து திறக்க வேண்டும். ஆமோசுக்கும் யோனாவுக்கும் நடுவே ஒற்றை அதிகாரமாய் ஒளிந்துகிடக்கும் ஒபதியாவைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு பென்சில். இன்று அதே போட்டியைக் கைபேசியில் வைத்தால் நல்ல சிக்னல் கிடைக்கும் பையன் ஜெயிக்கிறான். புத்தகங்களின் வரிசை தெரியாமல் போவது பெரிய நஷ்டமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நஷ்டம்தான். ஒபதியாவைத் தேடிப்போகிறவன் வழியில் ஆமோசின் கோபத்தில் நாலு வரி கண்ணில் பட்டு நின்றுவிடுவான். தேடுபெட்டி அவனை வழியில் எங்கும் நிறுத்தாது. நாம் கேட்டதை மட்டும் கொடுக்கும், கேட்கத் தெரியாததைக் கொடுக்காது.

வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தால் எல்லாருக்கும் நல்ல வசனமே வரும். சாம்பலிலும் இரட்டிலும் உட்காரச் சொல்லும் அட்டை யாருக்கும் வந்ததில்லை, அப்படி அச்சடிக்கவே மாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நடந்த அந்தச் சடங்கு இப்போது தினமும் காலை ஆறு மணிக்குக் கைபேசியில் நடக்கிறது, பின்னால் சூரிய உதயப் படத்தோடு. யூவெர்ஷன்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் உலகத்தில் அதிகம் பகிரப்பட்ட வசனத்தை அறிவிப்பார்கள். ஏசாயா 41:10 ஒன்றுக்கு மேற்பட்ட வருஷம் அந்த இடத்தைப் பிடித்தது. எங்கள் அட்டைப் பெட்டியிலும் அதற்குத்தான் கிராக்கி. பயத்தைப் போக்கும் வசனம் அது. தெற்கே தேரிக்காட்டிலிருந்து அமெரிக்காவின் ஓக்லஹோமா வரை ஜனங்களுக்கு ஒரே பயம் என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகவாவது செயலிக்கு நன்றி சொல்லவேண்டும்.

இவ்வளவு பரியாசம் செய்தபின் அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அப்பாவின் தங்கை. மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பார், கண்ணில் புரை வந்தபிறகு அதுவும் போயிற்று. வாழ்நாள் முழுக்க அவர் கேட்ட வேதம் கோயிலில் வாசிக்கத் தெரிந்தெடுத்த பகுதிகள் மட்டும். பேரன் கைபேசியில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கொடுத்தான். பூக்கட்டும்போது, அரிசி புடைக்கும்போது, மதியம் படுத்திருக்கும்போது என்று ஆதியாகமத்தில் தொடங்கிக் கேட்டுக்கொண்டே போனார். லேவியராகமத்தில் என்னிடம் "ஏ ராசா, இம்புட்டு ஆடு மாடா?" என்றார். நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரம் வந்ததும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அந்த லேவியனும், அவன் வெளியே தள்ளிவிட்ட பெண்ணும், விடியுமட்டும் அவளுக்கு நடந்ததும். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஐயரை மறித்து, "இத ஏன்யா ஒருநாளும் எங்களுக்குச் சொல்லல?" என்று கேட்டார்.

"ஒரு நாள் வீட்டுக்கு வந்து பேசுறேன்ம்மா" என்றார் ஐயர். இன்னும் வரவில்லை.

அத்தைக்கு ஸ்ட்ராங் எண் ஒன்றும் தெரியாது. ஒரு சொல்லையும் அவர் தேடியதில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் 66 புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசி வரை முடித்தவர் அவர்தான், அப்பாகூட இல்லை. அதனால்தான் மென்பொருள் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் அத்தைக்கு நல்லது, பிரசங்கிக்குச் சந்தேகம் என்று சொல்லிவருகிறேன். வாசிக்கிறவருக்கு அது பீரோவைத் திறந்துவிட்டது. வாசித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியவருக்கும் அதே பீரோவைத் திறந்துவிட்டதுதான் தொந்தரவு.

எதை நிறுவலாம் என்று கேட்கும் வாலிபர்களுக்கு நான் சொல்வது இது. காசு கொடுக்காதீர்கள், இலவசமானதே போதும். வியாக்கியானத்தைத் திறக்குமுன் அதை எழுதியவர் எந்த வருஷம் செத்தார் என்று பாருங்கள். தமிழில் தேடும்போது சொல்லின் வாலை வெட்டிவிட்டுத் தேடுங்கள். அகப்பட்ட வசனத்தை மேடையில் சொல்லுமுன் அந்த அதிகாரத்தை ஒருதரம் முழுக்க வாசியுங்கள், பெரும்பாலான அதிகாரங்களுக்கு ஐந்து நிமிஷம் போதும். 119ஆம் சங்கீதத்தில் அகப்பட்டால் மட்டும் 176 வசனம், அன்றைக்குக் கொஞ்சம் முந்தி எழுந்திருங்கள்.